சாப்பிடுகிற பூனைக்கும் பல் வலிக்கும்

எங்கள் வீட்டுப் பூனைக்குத் தைராய்டு என்று சொன்னால் கேட்கிறவர்கள் முதலில் சிரிக்கிறார்கள், அப்புறம் உடனே தங்கள் கதைக்குப் போய்விடுகிறார்கள். பெரம்பூரில் எங்கள் ஃப்ளாட்டில் மட்டும் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு காபிக்காக அரை மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்கள் மாடிக்கு ஒருவராவது இருக்கிறார்கள். கீழ் வீட்டு அக்கா ஒரு படி மேலே போய், "ஏம்மா, டெஸ்ட்டு கிஸ்ட்டுன்னு ஏன் அலையற, என் மாத்திரையில கால்வாசி உடைச்சுக் குடுத்துப் பாரேன்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அதை நான் கொடுத்திருந்தால் எரிகிற அடுப்பில் நெய் ஊற்றிய கதையாகியிருக்கும்.

ஏனென்றால் நம் வீடுகளில் அதிகம் பார்ப்பது சுரப்பி மந்தமாகிப்போகும் தைராய்டு. உடம்பு போடும், சோர்வாக இருக்கும், தைராக்சின் மாத்திரையை வெளியிலிருந்து கொடுப்பார்கள். வயதான பூனைக்கு வருவது அதற்கு நேர் எதிர். கழுத்தில் இருக்கும் சுரப்பியில் சின்னதாக ஒரு கட்டி வளர்ந்து (நூற்றில் இரண்டு மூன்று தவிர மற்றதெல்லாம் புற்றுநோய் இல்லாத சாதுவான கட்டிதான்) ஹார்மோனைக் கணக்கில்லாமல் கொட்டிக்கொண்டே இருக்கும். இதயம் ஓடும், பசி எடுக்கும், தின்றதெல்லாம் எரிந்துபோகும், உடம்பு இளைக்கும். அந்தப் பூனைக்குப் போய் இன்னும் தைராக்சின் கொடுத்தால் என்ன ஆகும்? இந்த நோயை அமெரிக்காவில் 1979-ல்தான் முதன்முதலில் விவரித்து எழுதினார்கள். இன்றைக்குப் பத்து வயது தாண்டிய பூனைகளுக்கு வரும் ஹார்மோன் நோய்களில் இதுதான் முன்னால் நிற்கிறது. டப்பா உணவா, வீட்டுச் சாமான்களில் இருக்கும் ரசாயனமா என்று பலதையும் சந்தேகிக்கிறார்கள், இதுதான் காரணம் என்று ஒன்றைக் கைகாட்ட முடியவில்லை.

பட்டாணிக்குப் பதிமூன்று வயது. கறுப்பு வெள்ளை நாட்டுப் பூனை. போன மழைக்காலத்தில் அவளுக்குத் திடீரென்று ஒரு பசி வந்தது பாருங்கள், அப்படி ஒரு பசியை அவள் குட்டியாக இருந்தபோதுகூட நான் பார்த்ததில்லை. வைத்ததைத் தின்றுவிட்டு அடுப்படியில் வந்து கத்துவாள், தயிர் சாதத்தை நக்குவாள், தரையில் விழுந்த தோசை விள்ளலைக்கூட விடமாட்டாள். வந்து போகிறவர்கள் எல்லாரும் "வயசான காலத்துல நல்லாத்தான் திங்குது" என்று மெச்சினார்கள். தடவிப் பார்த்தால் முதுகெலும்பு விரலில் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது. குளியலறை வாளியில் முன்னங்கால் இரண்டையும் வைத்துத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள். முடி எண்ணெய் பிடித்த மாதிரி கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டது. விடிகாலை மூன்று மணிக்கு நடு ஹாலில் நின்றுகொண்டு அடிவயிற்றிலிருந்து ஒரு ஊளை. மார்கழியில் கோயில் ஸ்பீக்கர் எழுவதற்கு முன்னால் தெருவை இவள் எழுப்பிவிடுவாள்.

டாக்டர் அவளை மேஜைமேல் உட்காரவைத்து, முகத்தை மேலே தூக்கி, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தொண்டையின் இரு பக்கமும் வைத்து மெதுவாகக் கீழே வழித்துக்கொண்டு வந்தார். ஒரு இடத்தில் நின்று என் விரலைப் பிடித்து அங்கே வைத்தார். தோலுக்கு அடியில் சின்னதாக ஒன்று நழுவிக்கொண்டு போனது. நல்ல பூனைக்கு அந்த இடத்தில் கையில் எதுவும் தட்டுப்படக் கூடாதாம். ஸ்டெதஸ்கோப் வைத்து எண்ணினார், நிமிடத்துக்கு 240-ஐ நெருங்கியது. ரத்தம் எடுத்தார். நமக்கு டிஎஸ்ஹெச் பார்ப்பதைப் போல் இல்லை, பூனைக்கு முதலில் பார்க்கவேண்டியது டி4, அதாவது ரத்தத்தில் இருக்கும் தைராக்சின் அளவு. அதற்கான அளவுகோலும் பூனைக்கென்று தனியாக இருக்கிறது, மனிதர்களுக்கான ரிப்போர்ட்டில் அச்சடித்திருக்கும் நார்மல் அளவை வைத்துக்கொண்டு பார்த்தால் குழம்பிப்போவோம். பட்டாணிக்கு வந்தது இருக்கவேண்டியதன் உச்ச அளவைப்போல் இரண்டு மடங்கு. கூடவே பிபியும் பார்த்தார்கள். முன்னங்காலில் குழந்தைக்குக் கட்டுவதுபோல் ஒரு குட்டிப் பட்டையைக் கட்டி, நாலைந்து முறை எடுத்து சராசரி போட்டார்கள். பயத்தில் பிபி ஏறித் தெரியும் என்பதால் ஒரே ஒரு முறை எடுத்ததை நம்ப முடியாது. தைராய்டு பூனைக்கு பிபி எகிறினால் கண்ணுக்குள் விழித்திரை பிரிந்து ஒரே நாளில் பார்வை போய்விடக்கூடும், அதனால் இதை விட்டுவிடாதீர்கள் என்று அழுத்திச் சொன்னார்.

அன்றைக்கே வாயையும் திறந்து பார்த்தார். திறந்த அந்த நொடியில் பட்டாணி போட்ட சத்தத்தில் வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்த லாப்ரடார் குரைக்க ஆரம்பித்துவிட்டது. கீழ்த்தாடையில், கோரைப் பல்லுக்குப் பின்னால் முதலில் வருகிற பல்லில், ஈறு ஒரு சிவப்புப் பொட்டு போலப் பல்லின் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தது. "இது அவளை ரொம்ப நாளா படுத்திட்டு இருந்திருக்கும்" என்றார் டாக்டர்.

எனக்கு அங்கேதான் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு தின்கிறாளே! பல் வலிக்கிற ஜீவன் இப்படித் தின்னுமா?

தின்னும். இந்தப் பதிவை நான் எழுதுவதே இந்த ஒன்றுக்காகத்தான். பூனை சாப்பிடுகிறது, அதனால் அதற்கு வலி இல்லை என்று நாம் எல்லாரும் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். அந்தக் கணக்கு சாதாரணப் பூனைக்கே சரியாக வராது, தைராய்டு பூனைக்குச் சுத்தமாக வராது. அந்தப் பசி அவ்வளவு கொடியது. வலியைத் தாண்டிக்கொண்டு அது அவளைத் தட்டுக்கு இழுத்துக்கொண்டு வருகிறது. பூனை உணவை நம்மைப்போல் மென்று அரைப்பதும் கிடையாது, கிழித்து, ஒன்றிரண்டு கடி கடித்து, அப்படியே விழுங்கிவிடும். வலிக்கிற பல்லில் படாமல் முழுசாக விழுங்கக் கற்றுக்கொண்டால் தட்டு காலியாகிவிடும், நமக்கும் எதுவும் தெரியாது. அவள் கொஞ்ச நாளுக்கு ஒருமுறை சாப்பிட்டது சாப்பிட்டபடியே, உருண்டை உருண்டையாக, மெல்லாத தீனியாகக் கக்கிவைத்ததற்கும் எனக்கு அப்போதுதான் அர்த்தம் புரிந்தது. தைராய்டில் அவசர அவசரமாகத் தின்று வாந்தி எடுப்பதும் உண்டு, பல் வலியில் மெல்லாமல் விழுங்குவதும் உண்டு, இவளுக்கு இரண்டும் சேர்ந்திருந்தது.

பூனைக்கு வரும் இந்தப் பல் நோய் நம்முடைய சொத்தைப் பல் மாதிரி கிடையாது. இனிப்பு தின்று கிருமி அரித்து ஓட்டை விழுவது பூனைகளில் பார்ப்பதற்கே அரிது. இங்கே பூனையின் உடம்பில் இருக்கும் செல்களே அதன் பல்லைக் கரைத்துத் தின்றுவிடுகின்றன. பெரும்பாலும் வேர்ப் பக்கத்தில், ஈறுக்கு அடியில் தொடங்கும். மேலே தெரிகிற பாகம் வெள்ளையாக அழகாகவே இருக்கும், உள்ளே கரைந்துகொண்டிருக்கும். கரைந்து கரைந்து நரம்பு இருக்கும் இடம் வரைக்கும் வந்து வெளியே திறந்துகொள்ளும்போதுதான் அந்த உயிர் போகிற வலி. ஓட்டைக்குள் ஈறு வளர்ந்து மூடிக்கொள்வதுதான் நான் பார்த்த சிவப்புப் பொட்டு. சிமெண்ட் வைத்து அடைக்கிற வேலையெல்லாம் இதில் நடக்காது, பிடுங்கித்தான் ஆகவேண்டும். எந்தப் பல் போயிருக்கிறது, வேர் எப்படி இருக்கிறது என்பது பல்லுக்கென்று இருக்கும் சின்ன எக்ஸ்ரேயில்தான் தெரியும். வெறும் கண்ணில் பார்த்துவிட்டு "ரெண்டு பல்லு எடுக்கணும்" என்று சொன்னால் அதை அப்படியே ஒப்புக்கொள்ளாதீர்கள். வளர்ந்த பூனைக்கு மொத்தம் முப்பது பல், அதில் பாதி வேலை ஈறுக்குக் கீழே நடக்கிறது.

சரி, உடனே பிடுங்கிவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. முழு மயக்கம் கொடுத்துத்தான் பல் வைத்தியம் செய்ய முடியும். நிமிடத்துக்கு 240 அடிக்கும் இதயத்தோடு, கட்டுக்குள் வராத தைராய்டோடு மயக்கம் கொடுத்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகப் போகும் ஆபத்து இருக்கிறது. அதனால் முதலில் தைராய்டு, அப்புறம் பல். ஆனால் தைராய்டுக்கு வாய் வழியாக மாத்திரை கொடுக்கவேண்டும், வாயைத் தொட்டாலே வலி. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, பட்டாணியின் நிலைமை அதுதான், என் நிலைமையும்தான்.

வைத்திய வழிகள் என்று பார்த்தால் நாலு இருக்கிறது. கதிரியக்க அயோடின் ஊசி போட்டால் பெரும்பாலான பூனைகளுக்கு ஒரே தடவையில் நோய் அடியோடு போய்விடும், ஆனால் உடம்பிலிருந்து கதிர்வீச்சு குறையும்வரை சில நாள் பூனையைத் தனியே அடைத்துவைக்கிற வசதி வேண்டும். எங்கள் டாக்டருக்குத் தெரிந்து சென்னையில் பூனைக்கு இதைச் செய்யும் இடம் இல்லை. ஆபரேஷன் செய்து சுரப்பியை எடுக்கலாம், அதற்கும் மயக்கம், பக்கத்தில் கால்சியத்தைப் பார்த்துக்கொள்ளும் குட்டிச் சுரப்பிகளுக்கு அடிபட்டால் இன்னொரு தலைவலி. அயோடின் குறைத்த தனி உணவு ஒன்று இருக்கிறது, ஆனால் ஆயுசுக்கும் அதைத் தவிர வேறு ஒரு பருக்கை வாயில் படக்கூடாது. கடல் மீனில் அயோடின் இருக்கிறது, பட்டாணியோ தினமும் பத்து மணிக்குக் கீழ் வீட்டுக்கு இறங்கிப் போய் நெத்திலித் தலை வாங்கித் தின்றுவிட்டு வருகிறவள். அந்த வழியும் அடைபட்டது. மிச்சம் இருந்தது மாத்திரை. கார்பிமசோல், மனிதர்கள் போடுகிற அதே மாத்திரைதான். உடம்புக்குள் போனதும் மெத்திமசோலாக மாறி ஹார்மோன் உற்பத்தியைத் தடுக்கும், கட்டியை ஒன்றும் செய்யாது, நிறுத்தினால் நோய் திரும்ப வந்துவிடும்.

மெடிக்கல் ஷாப்பில் சீட்டை நீட்டினால், "பேஷண்ட் பேர் என்னம்மா?" "பட்டாணி." "வயசு?" "பதிமூணு." தம்பி நிமிர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பில் போட்டார். இப்போதெல்லாம் நான் போனாலே "பட்டாணி மாத்திரைதானே" என்கிறார்.

மாத்திரை கொடுப்பது பற்றிக் கொஞ்சம் விலாவாரியாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் பாதிப் பேர் கைவிட்டுவிடுகிறார்கள். வலிக்கிற வாயைத் திறந்து தொண்டைக்குள் தள்ளுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. முள் எடுத்த சங்கரா மீனை உப்பு போடாமல் வேகவைத்து, மசித்து, சுண்டைக்காய் அளவு உருட்டி, முதலில் மாத்திரை இல்லாத உருண்டை ஒன்று, அடுத்தது மாத்திரை வைத்தது, அது தொண்டையில் இறங்குவதற்குள் மூன்றாவது உருண்டையை மூக்குக்கு நேராகக் காட்டவேண்டும். அடுத்தது வருகிறது என்ற அவசரத்தில் இரண்டாவதை யோசிக்காமல் விழுங்கிவிடுவாள். உருண்டை மிருதுவாக இருக்கவேண்டும், வெதுவெதுப்பாக இருக்கவேண்டும், கடிக்கத் தேவையில்லாத அளவாக இருக்கவேண்டும். அந்தக் கொலைப்பசி இருந்தவரை இது சுலபம், நோயே வைத்தியத்துக்கு உதவி செய்தது. மாத்திரையை நுணுக்கிப் பொடியாக்கிச் சோற்றில் கலக்காதீர்கள். கசக்கும், அந்த உணவையே அப்புறம் தொடமாட்டாள், பொடி நம் கையிலும் மூச்சிலும் போவது நமக்கும் நல்லதில்லை. கர்ப்பிணிகள் இருக்கும் வீடாக இருந்தால் அவர்கள் இந்த மாத்திரையைத் தொடவே வேண்டாம், பூனையின் மணல் தட்டையும் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். காது மடலின் உட்பக்கம் தடவுகிற ஜெல்லாகவும் வெளிநாடுகளில் இதே மருந்தைக் கொடுக்கிறார்கள். வாய் வலிக்கிற பூனைக்கு அதைவிட நல்ல வழி கிடையாது, ஆனால் நான் விசாரித்த கடைகள் எதிலும் அது இல்லை.

மூன்றாவது வாரம் ரத்தம் பார்த்தபோது டி4 இறங்கி நார்மலுக்குள் வந்திருந்தது. ஊளை நின்றது. இதயம் நிதானமானது. பசியும் அடங்கியது. அடங்கிய பசி அங்கே நிற்காமல் இன்னும் கீழே கீழே போனது, தட்டில் பாதி மிச்சம், அப்புறம் முக்கால்வாசி மிச்சம்.

இங்கே மூன்று பேர் மேல் சந்தேகம் வந்தது. ஒன்று மாத்திரை. கார்பிமசோல் ஆரம்பித்த முதல் சில வாரங்களில் வாந்தி, பசியின்மை, முகத்தைப் பிறாண்டிப் புண்ணாக்கிக்கொள்வது, கல்லீரல் கெடுவது, ரத்த அணுக்கள் குறைவது எல்லாம் சில பூனைகளுக்கு நடக்கும். இரண்டாவது சிறுநீரகம். தைராய்டு எகிறியிருக்கும்வரை சிறுநீரகத்துக்கு ரத்தம் வேகமாகப் பாய்ந்துகொண்டிருக்கும், உடம்பில் சதையும் கரைந்திருக்கும், அதனால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு ரத்தத்தில் குறைவாகவே காட்டி உள்ளே இருக்கும் கோளாறை மறைத்துவிடும். தைராய்டை அடக்கியதும் ஒளிந்திருந்தது வெளியே வரும். மூன்றாவது பல்.

கல்லீரலும் ரத்த அணுக்களும் சரியாக இருந்தன. கிரியாட்டினின் 1.9, கொஞ்சம் ஏறியிருந்தது, ஆனால் சாப்பாட்டை நிறுத்துகிற அளவு இல்லை. விஷயத்தை உடைத்தது ஒரு மொபைல் வீடியோதான். சாப்பாட்டு நேரத்தில் தரையோடு தரையாகப் படுத்து எடுத்தேன். பட்டாணி தானாகவே தட்டுக்கு வருகிறாள். மோந்து பார்க்கிறாள், மூக்கு துடிக்கிறது, நாக்கு வெளியே வருகிறது, ஒரு உருண்டையை எடுத்து இடது பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு கடிக்கிறாள். உடனே தாடை இரண்டு மூன்று முறை தானாகக் கடகடவென்று ஆடுகிறது, உருண்டை கீழே விழுகிறது, ஏதோ தட்டுதான் தன்னை அடித்துவிட்ட மாதிரி அதைப் பார்த்துச் சீறிவிட்டுப் பின்னால் போகிறாள். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து தட்டையே பார்க்கிறாள். குமட்டல் எடுக்கிற பூனை இப்படிச் செய்யாது, அது வாசனை பட்டதுமே முகத்தைத் திருப்பிக்கொள்ளும், எச்சில் விழுங்கும், உதட்டை நக்கும். இவளுக்குப் பசி இருக்கிறது, ஆசை இருக்கிறது, வாய்தான் விடவில்லை. டாக்டர் வீடியோவை இரண்டாவது தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, மாத்திரையைக் குறைக்கவேண்டாம், பல்லைப் பார்ப்போம் என்றார். அதாவது இத்தனை நாளும் பல் வலி இருந்தது, கொலைப்பசி அதை மூடிவைத்திருந்தது, மூடி போனதும் வலி வெளியே தெரிந்தது. மாத்திரை வேலை செய்ததால்தான் தெரிந்தது. இதே கட்டத்தில் "மாத்திரை ஒத்துக்கலை" என்று நிறுத்திவிட்டவர்கள் எனக்குத் தெரிந்தே உண்டு. யாரைச் சொல்ல, எவருக்கும் அப்படித்தான் தோன்றும்.

எங்கள் டாக்டரிடம் பல் எக்ஸ்ரே வசதி கிடையாது. அவர் எழுதிக்கொடுத்ததை எடுத்துக்கொண்டு ஒரு க்ளினிக்குக்குப் போனால் அங்கே இருந்தவர் வாயைக்கூடத் திறந்து பார்க்காமல், "பதிமூணு வயசா? மயக்கம் தாங்காது. ஆன்டிபயாடிக் தரேன், கெடக்கட்டும் விடுங்க" என்றார். இன்னொரு இடத்தில் மயக்கமே இல்லாமல் பல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்து தருவதாகச் சொன்னார்கள், அது ஈறுக்கு மேலே தெரிகிற கறையை எடுத்துப் பல்லைப் பளபளப்பாக்கும், கீழே கரைகிற வேரை என்ன செய்யும்? வயது ஒரு நோய் கிடையாது. இதயத்தையும் பிபியையும் சிறுநீரகத்தையும் பார்த்துவிட்டு "இவளுக்கு முடியாது" என்று சொன்னால் நான் கேட்டுக்கொள்வேன். பிறந்த வருஷத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சொன்னால் எப்படி? வலியோடு கெடக்கட்டும் என்பது வைத்தியமா? ஆன்டிபயாடிக் கொடுத்தால் ஒரு வாரம் நாற்றம் குறையும், கரைகிற பல் கரைந்துகொண்டுதான் இருக்கும்.

வேப்பேரிக்கே போய்விடலாமா என்றும் யோசித்தேன். 1903-ல் ஆரம்பித்த கால்நடை மருத்துவக் கல்லூரி அது, வடசென்னையில் நாய் பூனை வளர்க்கும் குடும்பங்களுக்கு ஏதாவது ஒரு தலைமுறையில் அதன் வாசலில் நின்ற அனுபவம் இருக்கும். என் சின்ன வயதில் அப்பா எங்கள் நாயை சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து அங்கேதான் கொண்டுபோவார். அதற்குள் எங்கள் டாக்டரே தனக்குத் தெரிந்த, பல் எக்ஸ்ரே வைத்திருக்கும் ஒருவரிடம் பேசி நாள் வாங்கிக் கொடுத்துவிட்டார்.

கத்திரி வெயில் தொடங்குவதற்கு முன்னால் முடித்துவிடவேண்டும் என்பது என் பயம். தைராய்டு பூனைக்குச் சூடு ஆகவே ஆகாது, பட்டாணி மார்ச்சிலிருந்தே குளியலறைத் தரையில்தான் குடியிருந்தாள். காலை ஏழு மணிக்கே ஆட்டோ. கூடையின் அடியில் ஈரத் துண்டு, மேலே மெல்லிய பருத்தித் துணி. டாக்டர் சொன்னபடி முந்தின நாள் இரவும் அன்று காலையும் பதற்றத்தையும் வலியையும் தணிக்கிற கபாபென்டின் மருந்து கொடுத்திருந்ததால் வழக்கமான கூச்சல் இல்லை, ஆட்டோக்கார அண்ணன் "பூனை இருக்கா இல்லையா" என்று திரும்பிப் பார்த்தார். கார்பிமசோலை அன்று காலையும் நிறுத்தக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

எக்ஸ்ரேயில் ஏழு பல் போயிருந்தது. கண்ணுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. சில பற்களில் வேரே இல்லை, எலும்போடு எலும்பாகக் கரைந்து கலந்துவிட்டிருந்தது. அப்படிப்பட்டவற்றுக்கு வேரைத் தோண்டாமல் மேல் பாகத்தை மட்டும் எடுத்து ஈறைத் தைத்துவிட்டார்கள், வேர் தெளிவாகத் தெரிந்தவற்றை முழுசாகப் பிடுங்கினார்கள். தாடையில் மரத்துப்போகிற ஊசி போட்டு, சிறுநீரகத்துக்காக டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டே, பிபியைப் பார்த்துக்கொண்டே செய்ததாகச் சொன்னார்கள். நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீயாகக் குடித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் கூடையிலிருந்து இறங்கியவள் நேராக அடுப்படிக்குப் போனாள். நம்பமாட்டீர்கள். தையல் போட்ட வாயோடு, கண் இன்னும் சரியாகத் திறக்காமல், நடை தள்ளாட, அடுப்படிக்குப் போய்க் கத்தினாள். வெந்நீர் விட்டுக் கூழாகக் கரைத்த மீனைத் தட்டையான தட்டில் வைத்தேன், நக்கி முடித்துவிட்டு அங்கேயே படுத்துத் தூங்கிவிட்டாள்.

வலி மருந்து விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலை ஒரு துண்டுகூடக் கொடுத்துவிடாதீர்கள். அதை உடைத்து வெளியேற்றுகிற திறன் பூனையின் கல்லீரலுக்குப் போதாது, ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் சக்தியை இழந்துவிடும், ஈறு நீலம் பாய்ந்து, முகம் வீங்கிச் செத்துப்போகும். குழந்தைக்குக் கொடுக்கிற சிரப்புதானே, நாலு சொட்டுதானே என்பதும் கூடாது. பட்டாணிக்கு முதல் நாள் ஊசியும் அப்புறம் கபாபென்டினும் போனது. நாய் பூனைக்கு வழக்கமாகத் தரும் மெலாக்சிகாமைக் கிரியாட்டினின் ஏறியிருந்ததால் டாக்டர் தொடவில்லை.

வெறும் மீனையே வைத்து ஓட்டிவிடலாம் என்றும் நினைக்கவேண்டாம். மீனில் மட்டும் பூனைக்கு வேண்டிய எல்லாம் கிடைக்காது, அதிலும் பச்சை மத்தி, நெத்திலியில் தயமின் வைட்டமினை அழிக்கும் ஒரு நொதி இருக்கிறது. தையல் ஆறும்வரை பாக்கெட்டில் வரும் ஈர உணவோடு வேகவைத்த கோழியும் மீனும் கலந்து மசித்துக் கொடுத்தேன், வெங்காயம் பூண்டு பட்ட குழம்பில் இருந்து எடுத்தது எதுவும் கிடையாது. ரொம்பப் பேர் கேட்கிற கேள்வி, பல் போனால் எப்படிச் சாப்பிடும் என்பது. ஈறு ஆறியதும் உலர் தீனியையே முழுசாக விழுங்குகிறாள். வலிக்கிற பல்லோடு இருப்பதைவிடப் பல்லே இல்லாத வாய் எவ்வளவோ மேல்.

இந்தக் கூத்தில் எனக்கு மிகவும் உதவிய சாமான் காய்கறி நிறுக்கிற எலக்ட்ரானிக் தராசு. தட்டில் எவ்வளவு மிச்சம் என்பதை நம்பமுடியாது, காக்காயும் தின்னும், எறும்பும் தின்னும். எடை பொய் சொல்லாது. பிளாஸ்டிக் பேசினைத் தராசில் வைத்துப் பூஜ்யம் ஆக்கிவிட்டு, ஒரு துண்டு கோழியைக் காட்டி அவளை உள்ளே உட்காரவைத்தால் வேலை முடிந்தது. ஒவ்வொரு ஞாயிறும், சாப்பாட்டுக்கு முன்னால், காலண்டரில் எழுதிவைப்பேன். மூன்று கிலோ பூனைக்கு முந்நூறு கிராம் குறைவது அறுபது கிலோ ஆளுக்கு ஆறு கிலோ குறைவதற்குச் சமம், கண்ணுக்குத் தெரியும்போது காரியம் கெட்டிருக்கும். நோய் முற்றியிருந்தபோது பட்டாணி 2.9 கிலோ. போன ஞாயிறு 3.6.

செலவைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. கார்பிமசோல் மலிவுதான், டெஸ்டுகளும் பல் வைத்தியமும்தான் பையைக் காலி செய்தன. "தெருவுல கெடந்த பூனைக்கு இவ்வளவா" என்று ஒரு உறவினர் கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் கேட்டார். அவர் அப்போது கையில் வைத்திருந்த மொபைலின் விலை எனக்குத் தெரியும், நாகரிகம் கருதிச் சொல்லவில்லை.

இப்போதைக்கு மாத்திரை காலையும் இரவும் போய்க்கொண்டிருக்கிறது. பழைய வெறி இல்லாததால் உருண்டை வித்தை முன்போல் சுலபமாகப் பலிப்பதில்லை, ஆனால் வாய் வலிக்காததால் சில நாள் வாயைத் திறந்தே போட்டுவிடுகிறேன், பின்னாலேயே ஊசியில்லாத சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர். மேலே இடது கோரைப் பல்லின் ஈறு லேசாகத் தடித்திருக்கிறது. எக்ஸ்ரேயில் அதன் வேர் நன்றாக இருந்ததால் விட்டுவைத்திருக்கிறார்கள், ஆறு மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கவேண்டும். டி4, கிரியாட்டினின், பிபி மூன்றும் அதற்கு முன்னாலேயே ஒருமுறை பார்த்தாகவேண்டும். வெயில் கொஞ்சம் இறங்கட்டும், ஆடியில் போகலாம் என்று இருக்கிறேன். கீழ் வீட்டு அக்காவும் தன்னுடைய தைராய்டு டெஸ்டை அன்றைக்கே வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார், ஒரே ஆட்டோவில் போய்விடலாமாம்.